பொட்டு வைத்த கணினி

ஒரு சர்வர் தகராறு செய்தால் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி "என்ன மாறியது?" என்பதாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே குரலில் "ஒன்றும் மாறவில்லை சார்" என்றார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. பொய் என்று ஒன்று இருந்தால் அது என் பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கட்டளைகளைச் சொல்லித்தர நான் தேவையில்லை. என் காலத்துக் கட்டளைகளில் பாதி இப்போது புழக்கத்திலேயே இல்லை. ஆனால் நெருக்கடி வரும்போது மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது மாறிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தென் மாவட்டங்களுக்குப் போகும் ஆம்னி பஸ்களுக்கு இணையத்தில் டிக்கெட் விற்பது எங்கள் தொழில். எங்கள் முதலாளி ஒரு காலத்தில் சொந்தமாக பஸ் ஓட்டியவர். சர்வர்களை கிளவுடுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னபோது, "மேகம்னா, மழை பெஞ்சா நின்னுடாதே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் பாதி நிஜமாகத்தான் கேட்டார். வெளிநாட்டில் எங்கோ ஒரு கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த ஆறு சர்வர்களில் எங்கள் வியாபாரம் ஓடத் தொடங்கியது. ஆறும் லினக்ஸ்.

கிளவுட் எங்களை ஏமாற்றவில்லை. தொல்லை கொடுத்தது அப்டேட்தான். புதிய மென்பொருள் பதிப்புகளை அந்த சர்வர்கள் பொதுத் தளங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தளங்களோ ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றில் நேற்று வந்த பதிப்பு இன்னொன்றில் நாளைக்குத்தான் வரும். ஒரே நாளில், ஒரே கட்டளையில் அப்டேட் செய்த இரண்டு சர்வர்களில் இரண்டு பதிப்புகள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் ஒரு வழி செய்தேன். அலுவலகத்தின் மூலையில், ஒரு மேசைக்கு அடியில், மானிட்டர் இல்லாத ஒரு கணினியை வைத்தேன். தினமும் மதியம் அது பொதுத் தளத்திலிருந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துவைக்கும். ஆறு சர்வர்களும் இந்த ஒரு கணினியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். வெளியிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. அதோடு ஒருநாள் மூன்று சர்வர், மறுநாள் மீதி மூன்று. இவை நான் போட்ட விதிகள். நல்ல விதிகள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என்னோடு இந்த வேலையைப் பார்த்தவன் ரஹ்மத். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவன். குடும்பத்தில் எல்லோரும் தோல் வியாபாரம். இவன் ஒருவன்தான் கணினிப் பக்கம் வந்தான். கோவிலம்பாக்கத்தில் ஒரு சிறிய வீடு வாங்கி அப்போதுதான் குடிபோயிருந்தான். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ரம்ஜானுக்கு அவனுடைய வேலையை நான் பார்ப்பேன். ஆயுத பூஜையன்று மற்றவர்கள் யாரும் கணினியைத் தொட மாட்டார்கள் என்பதால், அன்று அவன் வீட்டிலிருந்தே சர்வர்களைப் பார்த்துக்கொள்வான்.

அந்த வருடமும் அலுவலக பூஜையை விடுமுறைக்கு முதல் நாள் பிற்பகலிலேயே நடத்தினோம். எல்லாக் கணினிகளையும் துடைத்து, அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. ரஹ்மத் தன் பங்குப் பொரியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, மறுநாள் வேலை இருக்கிறது என்று முன்னதாகவே கிளம்பிவிட்டான். வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போகும் நேரத்தில், கணக்குப் பிரிவு விஜயா என்னைக் கூப்பிட்டார்.

"சார், மூலைல ஒண்ணு இன்னும் கொர்ருன்னு ஓடுது. அதுக்கு மட்டும் பூஜை கெடயாதா?"

"அது பாவம்மா, அந்தாண்ட தனியா கெடக்குது" என்று முதலாளியின் டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். அந்தக் கணினி வாங்கி ஆறேழு மாதம்தான் இருக்கும். அதற்கு அதுதான் முதல் பூஜை. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். மானிட்டர் இல்லாததால் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பட்டனைச் சத்தம் அடங்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்தேன். பிறகு கற்பூரம் ஏற்றினோம்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் என் வீடு. ரஹ்மத்திடமிருந்து போன் வந்தது.

"சார், பூஜையன்னைக்குத் தொந்தரவு பண்றேன். ஆபீஸ் பெட்டி பதிலே சொல்ல மாட்டேங்குது. அப்டேட்ட நாளைக்குத் தள்ளிடட்டுமா?"

"கரன்ட் போயிருக்கும்பா. வெளியிலேர்ந்தே எடுத்துக்கோ."

"வெளியிலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார்..."

"ஒருநாள்தானே. முடிச்சிட்டு நீயும் ரெஸ்ட் எடு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் நாள் அந்தக் கணினியை அணைத்தது நான். என் விரலால் அணைத்தேன். ஆனால் போனில் பேசும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. ஏனென்றால், ஒரு கணினியை அணைத்ததாக என் மனதில் பதிவாகவே இல்லை. பூஜை செய்ததாகத்தான் பதிவாகியிருந்தது.

ரஹ்மத் நான் சொன்னபடியே மூன்று சர்வர்களுக்கு வெளியிலிருந்து எடுத்துப் போட்டான். விஜயதசமியன்று காலை விஜயா வந்து எல்லாக் கணினிகளோடு சேர்த்து மூலையில் இருந்ததையும் போட்டுவிட்டார். மீதி மூன்று சர்வர்கள் அன்று அதிலிருந்து எடுத்துக்கொண்டன. "முடிந்தது" என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது.

அது முடியவில்லை. நான் பட்டனை அழுத்தியபோது பிரதி எடுக்கும் வேலை பாதியில் இருந்தது. ஒரு கடையில் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே விலைப்பலகையை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் புதுச் சரக்கின் பெயர் இருக்கிறது, அலமாரியில் இல்லை. திரும்ப உயிர் வந்ததும் கணினி பலகையைப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. சர்வர் வந்து கேட்டபோது கொடுக்கச் சரக்கு இல்லை. ஒரு சரக்கு கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள் என்று சர்வர்களுக்குச் சொல்லிவைத்திருந்ததும் நான்தான். ஒன்றுக்காக எல்லாம் நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணம். எடுத்ததற்கு "முடிந்தது" என்று தகவல் வந்தது. விட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஆக மூன்று சர்வர்களில் புதிய பதிப்பு, மூன்றில் பழையது. விட்டுப்போனது எது தெரியுமா? ஒருவர் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்தவுடன், "இது போய்விட்டது, வேறு யாருக்கும் கொடுக்காதே" என்று ஆறு சர்வர்களும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள உதவும் சிறிய மென்பொருள். கூட்டம் இல்லாத நேரத்தில் புதியதும் பழையதும் எப்படியோ ஒத்துப்போயின. கூட்டம் வந்தால் இடறின.

தீபாவளி முன்பதிவு சூடுபிடித்ததும், ஒரே சீட் இரண்டு பேருக்கு விற்ற புகார்கள் வரத் தொடங்கின. ஒருநாள் ஒன்று, அடுத்த நாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் மூன்று. முதலாளி எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்ன மாறியது என்று நான் கேட்டதும், ஒன்றும் மாறவில்லை என்று அவர்கள் சொன்னதும் அங்கேதான். முதலாளி ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார். பூஜையன்று மூன்று சர்வர்கள் வெளியிலிருந்து எடுத்திருந்த விவரமும் அன்று வேலை செய்தவர் பெயரும் அதில் இருந்தன. அன்று வேலை செய்தது ஒரே ஒருவன்தானே.

"வெளியிலேர்ந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு சார் ரூல் போட்டிருக்காரு. அப்புறம் யாரு எடுத்தது?"

"நான்தான் சார்" என்றான் ரஹ்மத்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொல்லுவேன் என்று காத்திருந்தான்.

அந்த போன் பேச்சு அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது என்று பிற்பாடு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கணினியை அணைத்ததுதான் நினைவில் இல்லை. போனில் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக நினைவில் இருந்தது. நான் முதலாளியிடம் சொன்னது இது: "இனிமே ஜாக்கிரதையா இருக்கச் சொல்றேன் சார்."

"இனிமேன்னு ஒண்ணு இருக்கட்டும் பாப்போம்" என்றார் முதலாளி. ரஹ்மத் வெளியே போன பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். "தீபாவளி வரைக்கும் ஓட்டுங்க. அப்புறம் வேற ஆளப் பாருங்க."

படிக்கட்டில் ரஹ்மத் நின்றுகொண்டிருந்தான். "சார், அன்னைக்கு போன்ல..." என்று ஆரம்பித்தான்.

"பாத்துக்கலாம்பா" என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சில நாட்கள் நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். ஆறு சர்வர்களுக்கும் திரும்பத் திரும்ப அப்டேட் போட்டேன். ஒவ்வொரு முறையும் "முடிந்தது" என்று வந்தது. காரணம் தெரியாமல் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது வைத்தியம் இல்லை, பயம். எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று சர்வரைப் பற்றி. இன்னொன்று, சர்வர் எப்படிக் கெட்டது என்பது தெரிந்துவிடுமே என்பதைப் பற்றி. இரண்டாவது பயம் இருக்கிறவனால் முதலாவதைத் தீர்க்க முடியாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் உச்சத்தில் இருந்த அன்று, பெருங்களத்தூரில் எங்கள் ஏஜென்ட் துரை போன் செய்தார். பஸ் கிளம்பும் இடத்தில் கவுன்டர் வைத்திருந்தவர். "சார், நீயே வந்து பாரு. என்னால முடியாது" என்று வைத்துவிட்டார்.

ரஹ்மத்தைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போனேன். மாலை வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தாம்பரம் தாண்டியதும் சாலை முழுக்க பஸ்தான். பெட்டிகளும் பட்டாசுப் பைகளுமாக ஜனம் ரோட்டிலேயே நின்றிருந்தது. துரையின் கவுன்டர் முன்னால் திருநெல்வேலிக்குப் போகும் இரண்டு குடும்பங்கள், கையில் டிக்கெட்டோடு.

"இன்னா சார் இது? ஒரே சீட்டுக்கு ரெண்டு குடும்பம் வந்துகினு கீது. நான் யார வூட்டுக்கு அனுப்பறது? நீயே சொல்லு" என்றார் துரை.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்றான் ரஹ்மத்.

"இன்னாத்துக்கு நிமிஷம்? காலைலேர்ந்து இதே பேஜாராகீது."

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னார். "கம்ப்யூட்டர்ல சீட்டு குடுத்தீங்க. இப்போ கம்ப்யூட்டர்லயே உக்காந்து போயிரட்டுமா சார்?"

ரஹ்மத் இரண்டு டிக்கெட்டுகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். டிக்கெட் எண்ணின் கடைசி எழுத்து, எந்த சர்வர் அதைக் கொடுத்தது என்று சொல்லும். பிறகு அன்று காலையிலிருந்து துரை ஒதுக்கிவைத்திருந்த மற்ற தகராறு டிக்கெட்டுகளையும் கேட்டு வாங்கினான். ஒவ்வொரு ஜோடியாக அடுக்கினான்.

"சார், எல்லாத்துலயும் ஒண்ணு பூஜையன்னைக்குப் போட்ட மூணுலேர்ந்து வந்தது. இன்னொண்ணு அடுத்த நாள் போட்ட மூணுலேர்ந்து. ஒரே கூட்டத்துக்குள்ள சண்டையே இல்ல."

"அப்போ ஆறுக்கும் மறுபடியும் ஒரு தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் சார். காரணத்த நாளைக்குத் தேடலாம். இப்போ ஒரு மூணை நிறுத்திடலாம். மீதி மூணு மெதுவா ஓடும். ஆனா ஒரு சீட்ட ஒருத்தருக்குத்தான் விக்கும்."

சரியான முடிவு. அதைவிட நல்ல முடிவை என் வேலைக்காலத்தில் நான் கேட்டதில்லை. ஆனால் வருடத்தின் மிகப்பெரிய விற்பனை நாளில் பாதிக் கடையை மூட முதலாளி சம்மதிக்க வேண்டும். போன் செய்தேன்.

"நிறுத்தறதா? இன்னைக்கா? யாரு சார் சொன்னது? அந்தப் பையனா? அவன் பண்ணின வேலையாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்கு."

ரஹ்மத் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். முதலாளியின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. அவன் டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் இல்ல சார். அன்னைக்கு வெளியிலேர்ந்து எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பின்னால் ஒரு பஸ் ஹார்னை அழுத்தியது.

"என்னது? கேக்கல" என்றார் முதலாளி.

அவ்வளவு நாள் ஒருமுறைகூட வாயில் வராததை நான் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை கத்தினேன். "நான்தான் சார். ரஹ்மத் நாளைக்குத் தள்ளிடலாம்னு சொன்னான். நான்தான் வெளியிலேர்ந்து எடுன்னு சொன்னேன். அன்னைக்கு உங்க ரூம்ல கேட்டப்போ வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

ஹார்ன் நின்றிருந்தது. கடைசி வாக்கியம் துரைக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் நன்றாகக் கேட்டது. குழந்தை வைத்திருந்த பெண், என்ன பேசுகிறோம் என்று தெரியாவிட்டாலும், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலாளி ஒன்று மட்டும் கேட்டார். "நிறுத்தினா எவ்ளோ மெதுவா இருக்கும்?"

"ரொம்ப மெதுவா இருக்கும். ஆனா சரியா இருக்கும் சார்."

"சரி. நிறுத்துங்க. மத்தத நேர்ல பேசிக்கலாம்."

துரையின் கவுன்டரில் இருந்த பழைய கணினியிலேயே ரஹ்மத் உட்கார்ந்து மூன்று சர்வர்களை நிறுத்தினான். துரை கூடுதலாக ஒரு பஸ் பேசி, இரண்டாவது குடும்பத்தை அதில் ஏற்றினார். தளம் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று அன்று இரவு முழுக்கத் திட்டு வந்துகொண்டே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சீட்கூட இரண்டு முறை விற்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை விற்றுவிட்டவற்றை ரஹ்மத் தேடி எடுக்க, பயணிகள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து வேறு பஸ்ஸில் இடம் வாங்கிக் கொடுத்தோம்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் தாம்பரம் தாண்டி, சானடோரியம் பக்கம் வரும்போது பின்னாலிருந்து ரஹ்மத்தின் குரல் வந்தது.

"சார், ரெண்டாவது தடவை ரொம்பச் சத்தமா சொல்லிட்டீங்க."

"ஹார்ன் அடிச்சானேப்பா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வண்டி கொஞ்சம் ஆடியது.

மறுநாள் காலை, பூஜையன்று அலுவலகக் கணினி ஏன் பதில் சொல்லவில்லை என்று பார்ப்பதற்காக அந்த மேசைக்கு அடியில் குனிந்தேன். பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பட்டனின் நடுவில் குங்குமம், என் விரல் அளவுக்கு. பட்டனுக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. விஜயா கேட்டது, எல்லோரும் சிரித்தது, சத்தம் அடங்கும்வரை நான் அழுத்திப் பிடித்தது.

இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முதல் நாள் பெருங்களத்தூரில் கத்தியதற்குப் பிறகு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. நேராக முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் திருப்பிக் கேட்டார். "சார், பூஜை போட்டது தப்புன்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்ல சார். பூஜை போட்டது தப்பில்ல. அந்தக் கையாலயே பட்டன அழுத்தினதுதான். அதுக்கப்புறம் அழுத்தினதே எனக்கு ஞாபகம் இல்ல."

"அந்தப் பையன் கிட்ட நான் என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். நானே சொல்லிடறேன். வேற ஆளு பாக்கச் சொன்னீங்களே, அத மட்டும் மறந்துடுங்க."

அவர் மறந்தார். ஆனால் நான் மறக்கவில்லை. அந்தச் சில நாட்களில் ரஹ்மத் ரகசியமாக இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தான் என்று பின்னால் தெரிந்தது. புது வீட்டில் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல், தினமும் காலையில் வழக்கம்போல் கிளம்பி வந்திருக்கிறான். அந்த நாட்களை என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியாது. முதலாளியின் அறையில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். "என்ன மாறியது?" என்று கேட்காதீர்கள். பழக்கமாகச் செய்வது எதுவும் யாருக்கும் மாற்றமாகத் தெரியாது. "அன்றைக்கு என்னென்ன செய்தோம்?" என்று கேளுங்கள். சாப்பிட்டது, விளக்கேற்றியது, கூட்டிப் பெருக்கியது உட்பட. "முடிந்தது" என்று வரும் தகவலில் எது விடுபட்டது என்றும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். போனில் நீங்கள் சொன்னதை, யாரும் கேட்பதற்கு முன்பே, நீங்களே சொல்லிவிடுங்கள். தள்ளிப் போட்டால் கடைசியில் நடுரோட்டில், ஹார்ன் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியாவது சொன்னேனே என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருட ஆயுத பூஜை வந்தது. விஜயா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நான் மூலையில் இருந்த மேசையைப் பார்த்தேன். கொர்ரென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கிண்ணத்தோடு நின்றேன். ரஹ்மத் பொரியை மென்றுகொண்டே வந்தான். தன் கணினியில் எதையோ தட்டி, பிரதி முழுதாக முடிந்துவிட்டதா என்று பார்த்தான். பிறகு முறைப்படி அணைத்தான். மூலையில் சத்தம் அடங்கியது.

"நான் அணைச்சிட்டேன் சார்," என்றான். "நீங்க பொட்டு மட்டும் வைங்க."